பலாமரத்துக்கு யார் ஜாமீன்?

இரவெல்லாம் அடித்த ஆடிக் காற்று விடியற்காலையில் ஓய்ந்திருந்தது. நாவல் மரத்தடியில் மண் தெரியவில்லை. எங்கு பார்த்தாலும் பழம்.

இராமலிங்கம் மூங்கில் கூடையுடன் குனிந்து, அடிபடாத பழங்களை மட்டும் பார்த்துப் பார்த்துப் பொறுக்கினார். மற்ற நாட்களில் அவர் இப்படிச் செய்வதில்லை. நாலு பழத்தை வாயில் போட்டுக்கொண்டு மீதியை அணிலுக்கும் எறும்புக்கும் விட்டுவிடுவார். இன்றைக்கு ஆள் வருகிறது.

மனைவி ஜோதியம்மாள் சென்னைக்குப் போனபோது மூன்று மாதம் என்றுதான் சொல்லிவிட்டுப் போனாள். மருமகள் அறிவுமதிக்குப் பிரசவ லீவு முடிந்திருந்தது. குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் அமையும் வரைக்கும் இருந்துவிட்டு வருவதாகப் பேச்சு. ஆள் அமையவில்லை. அமைந்த ஆளும் நிலைக்கவில்லை. மூன்று மாதம் என்பது குழந்தை உட்காரும் வரைக்கும், நடக்கும் வரைக்கும், பேசும் வரைக்கும் என்று நீண்டு, பேத்தி கவியாவுக்கு இப்போது இரண்டரை வயது.

போன ஞாயிற்றுக்கிழமை செங்கம் ரோட்டு எஸ்.டி.டி. பூத்திலிருந்து அவர் வழக்கம்போலப் பேசியபோது, மகன் பாலாஜி ரிசீவரை வாங்கி, ஆடி அமாவாசைக்கு எல்லோரும் வருகிறோம், தாத்தா ஆயாவுக்கு அங்கேயே படையல் போட்டுவிடலாம் என்றான். அந்தச் சந்தோஷத்தில், வந்தால் எத்தனை நாள் என்று கேட்க இராமலிங்கம் மறந்துவிட்டார்.

கேட்காமலே அவர் சில வேலைகள் செய்தார். வீட்டின் மேற்குச் சுவருக்கு வெள்ளையடித்தார். கிணற்று ராட்டினத்துக்கு எண்ணெய் போட்டார். சமையலறை அலமாரியில் அவள் வைத்திருந்த வரிசைப்படி டப்பாக்களை அடுக்கிப் பார்த்து, வரிசை ஞாபகம் வராமல் விட்டுவிட்டார். ஒரே ஒரு வாக்கியத்தையும் தயார் செய்து வைத்திருந்தார். “நீ இனிமே இங்கயே இரு.” அதை எந்த நேரத்தில் சொல்வது என்பதுதான் தெரியவில்லை.

மின்வாரியத்தில் போர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். லைனில் உரசும் கிளைகளை வெட்டச் சொல்லியே உத்தியோக காலம் கழிந்தது. அதனாலோ என்னவோ, தன் வீட்டு மரங்களில் ஒரு சுள்ளியைக்கூட ஒடிக்க விடமாட்டார். ஊர்க்கோடி ஆசிரமத்துக்கும் மேற்கே, நரி வரும் இடம் என்று எல்லோரும் ஒதுக்கிய காலத்தில் வாங்கிய மனை. இலுப்பை, புங்கன், மகிழம், நாவல், வேம்பு என்று இன்றைக்கு அது ஒரு சின்னக் காடு. சென்னைக்கு அவரும் ஒரு முறை போய் ஒரு வாரம் இருந்தார். ஹாலில் பாயை விரித்துப் படுத்து, ஜன்னல் வழியே எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத் திரும்பினார். “உங்களுக்கு மரம், எனக்குக் கொழந்த. ஆளுக்கு ஒண்ணப் பாத்துக்கலாம்” என்று அன்றைக்கு ஜோதியம்மாள் சொன்னது கோபமா, கிண்டலா என்று அவருக்கு இன்னும் விளங்கவில்லை.

வாசலில் ஆட்டோ வந்து நின்றது.

பாலாஜி முதலில் இறங்கினான். பிறகு கவியாவைத் தூக்கிக்கொண்டு அறிவுமதி. கடைசியாக ஜோதியம்மாள். அவள் கிளிப்பச்சையில் புதுப் புடவை கட்டியிருந்தாள். முந்தானையில் குஞ்சம் வைத்தது, மருமகள் எடுத்துக் கொடுத்தது. அறிவுமதியின் புடவை ஊதா. அதற்கும் குஞ்சம் உண்டு.

இராமலிங்கம் புடவைகளைப் பார்க்கவில்லை. பைகளைப் பார்த்தார். ஒரு தோள்பை, ஒரு பிளாஸ்டிக் கூடை, குழந்தையின் பால் புட்டி வைத்த சின்னப் பை. பெட்டி எதுவும் இறங்கவில்லை.

“பஸ்ஸுல உக்கார எடம் கெடச்சுதா?” என்று மட்டும் கேட்டார்.

கெடச்சுது என்றான் பாலாஜி. ராத்திரி பஸ்ஸிலேயே திரும்ப வேண்டும், காலையில் ஆபீஸ் என்பதையும் அதே மூச்சில் சொல்லிவிட்டான்.

ஜோதியம்மாள் நேராக உள்ளே போனாள்.

குழந்தை அவரை அடையாளம் கண்டுகொள்ளாது என்று அவர் நினைத்திருந்தார். அது அம்மாவின் இடுப்பிலிருந்து இறங்கி, நேராக அவரிடம் வந்து நின்று, கழுத்தை நிமிர்த்திக் கேட்டது.

“தாத்தா, வாலு உட்ட மயிலு எங்க?”

“எந்த மயிலும்மா?”

“எறகெல்லாம் கொட்டிடுச்சே. அது.”

ஆண் மயில் தோகை உதிர்க்க ஆரம்பித்துவிட்டது என்று அவர் போன மாதம் போனில் சொல்லியிருந்தார். அதற்கு ஜோதியம்மாள் “ம்” என்றாள். எதற்குமே அவள் “ம்” என்றுதான் சொல்வாள். வாரம் முழுவதும் தோட்டத்தில் நடந்தவற்றில் ஒன்றிரண்டைப் பொறுக்கி மனசில் வைத்திருந்து, ஞாயிற்றுக்கிழமை பூத்தில் நின்று அவர் சொல்வார். இலுப்பைப் பூ கொட்டியது, வேம்பு துளிர்த்தது, நாவலில் முதல் பழம் கறுத்தது. அந்தப் பக்கம் “ம்”, “ம்”, அப்புறம், “வேற என்னா?” ரிசீவரை வைத்துவிட்டு வெளியே வரும்போது, கிணற்றுக்குள் கல்லைப் போட்டுவிட்டுச் சத்தம் கேட்காமல் திரும்புவது போலிருக்கும்.

“மோட்டார் ரூம் அணிலு எங்க? குட்டி போட்டுதே?” என்றது குழந்தை. “பவழமல்லி பூத்துச்சா?”

அவர் நிமிர்ந்து சமையலறைப் பக்கம் பார்த்தார். ஜோதியம்மாள் முதுகைக் காட்டிக்கொண்டு பையை அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

“இதத்தான் தெனம் கேக்குது, மாமா” என்றாள் அறிவுமதி. “இந்தத் தோட்டத்துக் கதை சொன்னாத்தான் அதுக்குச் சோறு எறங்கும். அத்தையும் சலிக்காம சொல்றாங்க.”

அன்றைக்குச் சூரிய கிரகணம். சாயங்காலம் பிடித்து, பிடித்தபடியே சூரியன் மறையும் என்று டி.வி.யில் இரண்டு நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அதனால் படையலைச் சீக்கிரம் முடிக்க வேண்டியிருந்தது. வடை, பாயசம், வாழைக்காய், அகத்திக்கீரை. வந்த வேகத்தில் ஜோதியம்மாள் அடுப்படியைக் கையில் எடுத்துக்கொண்டாள். மிளகாய்த்தூள் டப்பாவைத் திறந்தால் உள்ளே ஆணியும் வாஷரும் இருந்தன.

“வத்தக்கொழம்புல இதத்தான் போட்டுச் சாப்புடுறீங்களா?”

“தூளு கீழ் தட்டுல இருக்குது.”

“மரத்துக்கெல்லாம் பாத்தி கட்டித் தண்ணி உட்டிருக்கீங்க. பின்னால துளசி காஞ்சு கெடக்குது.”

அது அவள் வைத்த துளசி. இந்த ஏச்சைக் கேட்டு எத்தனையோ காலமாகிவிட்டது. இன்னும் கொஞ்சம் ஏசினால் நன்றாயிருக்கும் போலிருந்தது.

காக்கை வந்து சோறு எடுத்தது. சாப்பிட்டார்கள். சாப்பிட்டு முடித்ததும் பாலாஜிக்கு என்ன தோன்றிற்றோ, பேன்ட்டை முழங்கால் வரை மடித்துக்கொண்டு நாவல் மரத்தில் ஏறினான். ஏறுவதற்குள் மூச்சு வாங்கிவிட்டது. பழைய வேட்டியின் நாலு முனையில் மூன்றை ஆளுக்கொன்றாகப் பெரியவர்கள் பிடிக்க, நாலாவதைக் குழந்தை இரண்டு கையாலும் பிடித்தது. அவன் கிளையை உலுக்கினான். பழம் மழையாகக் கொட்டியது. குழந்தை முனையை விட்டுவிட்டு வேட்டிக்கு நடுவில் ஓட, பழமெல்லாம் அதன் பக்கம் உருண்டது. அறிவுமதி சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். எல்லோர் நாக்கும் ஊதா.

ஜோதியம்மாள் ஒரு பழத்தை எடுத்துப் புடவை நுனியில் துடைத்து வாயில் போட்டாள். கண்ணை மூடிக்கொண்டாள்.

இதுதான் நேரம் என்று இராமலிங்கத்துக்குப் பட்டது.

“இந்தா” என்றார்.

“என்னா?”

“பழத்துக்கு உப்பு எடுத்தாரட்டுமா?”

அவள் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். “வேணாம். இனிப்பாத்தான் இருக்குது” என்றாள்.

தோட்டத்தின் மேற்குக் கோடியில் பலாமரம் நிற்கிறது. அதைத் தாண்டித்தான் கிணற்றுக்குப் போக வேண்டும். ஜோதியம்மாளின் தம்பி பண்ருட்டியிலிருந்து கொண்டுவந்த பழத்தின் கொட்டையை அவள் ஊன்றி வளர்த்த மரம். வருஷா வருஷம் அடிமரத்தில் ஏழெட்டுக் காய் தொங்கும். மூன்று வருஷமாக ஒன்றுமில்லை. பிஞ்சு வைக்கிறது, கறுத்து விழுகிறது. ஜோதியம்மாள் ஊரை விட்டுப் போனதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அடுத்த மனையில் விடுதி கட்டியவர்கள் ஆழத்துக்குக் குழாய் இறக்கித் தண்ணீரை உறிஞ்சிவிட்டார்கள், அவ்வளவுதான். இராமலிங்கத்துக்கும் அது தெரியும். தெரிந்தும் மனசு வேறு கணக்குப் போட்டது.

இந்தப் பக்கத்துக் குடும்பங்களில் ஒரு வழக்கம் உண்டு. காய்க்காத மரத்தை மிரட்ட வேண்டும். வீட்டு ஆண் கோடாலியோடு போய், உன்னை வெட்டப்போகிறேன் என்று ஓங்குவார். பெண் குறுக்கே வந்து, விடுங்கள், அடுத்த முறை காய்க்கும் என்று கெஞ்சுவாள். மரம் பயந்துபோய்க் காய்க்கும் என்பது நம்பிக்கை. கிரகண நாளில் செய்தால் பலன் ஜாஸ்தி. இராமலிங்கத்தின் வீட்டில் இதற்கு மேல் ஒன்று சேர்த்துக்கொண்டிருந்தார்கள். கெஞ்சுகிற ஆள் மரத்துக்கு ஜாமீன் நிற்க வேண்டும். முந்தானைக் குஞ்சத்தில் ஓர் இழையை உருவி மரத்தில் கட்ட வேண்டும். ஜாமீன் நின்றவர் மாசியில் பிஞ்சு வைக்கும்போது அந்த வீட்டில் இருந்தாக வேண்டும். இல்லாவிட்டால் மரம் ஏமாந்துபோகும். ஏமாந்த மரம் அப்புறம் யார் பேச்சையும் நம்பாது.

இந்தப் பலா முதல் காய் வைக்கும் வரைக்கும் வருஷா வருஷம் இருவரும் சேர்ந்து இதைச் செய்திருக்கிறார்கள். போன வருஷம் அவர் தனியாகவே செய்துபார்த்தார். கோடாலியை ஓங்கினார். கொஞ்ச நேரம் காத்திருந்தார். “விடு, அடுத்த வருஷம் காய்க்கும்” என்று தானே சொன்னார். வேலிக்கு அப்பால் மாடு மேய்த்துக்கொண்டிருந்த பெண்பிள்ளை திரும்பிப் பார்த்தாள். கோடாலியைத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார்.

இந்த வருஷம் ஜோதியம்மாள் இருக்கிறாள். வாயால் கேட்க முடியாததை மரத்தின் பேரில் கேட்டுவிடலாம். அவள் ஜாமீன் நின்றுவிட்டால் மாசிக்கு இங்கே இருந்தாக வேண்டும். அந்த யோசனை அவருக்குப் பிடித்திருந்தது. அவர் மோட்டார் ரூமுக்குப் போய்க் கோடாலியை எடுத்து, ஈரத்துணியால் துடைத்து வைத்தார்.

திரும்பி வரும்போதுதான் அது நடந்தது.

கூடத்தில் அறிவுமதி குழந்தைக்காகக் கொய்யா நறுக்கிக்கொண்டிருந்தாள். ஜோதியம்மாள் பின்னாலிருந்து வந்து, அவள் கையிலிருந்த கத்தியை மெதுவாக வாங்கினாள்.

“போதும். நேரம் நெருங்கிடுச்சு. நீ உள்ள போய்ப் படு. எதையும் நறுக்காத, கிள்ளாத. நான் சொல்ற வரைக்கும் பொரளாம படுத்திரு.”

அறிவுமதி மாமனாரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, தலையைக் குனிந்துகொண்டு உள்ளறைக்குப் போனாள். ஜோதியம்மாள் பாயைப் போட்டாள். மேற்கு ஜன்னலைச் சாத்தினாள். சாத்திய கதவின் மேல் பழைய போர்வையைத் தொங்கவிட்டாள்.

இராமலிங்கம் நடையில் நின்றபடி பார்த்தார். பாலாஜி வயிற்றில் இருந்தபோது ஒரு கிரகணம் வந்தது. அவருடைய அம்மா இதே மாதிரி ஜோதியைப் படுக்க வைத்து, ஜன்னலை மூடி, கத்தி அரிவாள்மனை எல்லாவற்றையும் எடுத்து ஒளித்தாள். கிரகணத்தன்று அப்படிப் படுக்க வைப்பது யாரை என்று இந்த ஜில்லாவில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.

பாலாஜி வாசல் நாற்காலியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தான்.

“எத்தன மாசம்?” என்று கேட்டார்.

அவன் பேப்பரை மடித்தான். “மூணு, ப்பா. அம்மா சொல்லியிருப்பாங்கன்னு நெனச்சேன்.”

“மாசியிலயா?”

“மாசி ஆரம்பத்துலன்னு டாக்டர் சொல்றாங்க.”

சந்தோஷம் என்று சொன்னார். உண்மையிலேயே சந்தோஷம்தான். ஆனால் சந்தோஷத்துக்குப் பின்னாலேயே இன்னொன்று வந்து நின்றது. மறுபடியும் ஒரு குழந்தை. உட்காரும் வரைக்கும், நடக்கும் வரைக்கும், பேசும் வரைக்கும்.

கூடத்தில் ஜோதியம்மாள் ஊறுகாய் ஜாடியிலும் தண்ணீர்க் குடத்திலும் தர்ப்பையைப் போட்டுக்கொண்டிருந்தாள். அவர் அவளைத் தாண்டிப் போனார். அவள் ஏதோ சொல்ல வந்தாள். அவர் நிற்கவில்லை.

ஐந்தரை மணி வாக்கில் வெளிச்சம் மாறியது. இருட்டவில்லை. வெயிலில் தண்ணீர் கலந்தது போல ஆயிற்று. மைனாக்கள் கூட்டுக்குத் திரும்பின. தூரத்தில் பெரிய கோயில் பக்கமிருந்து மேளச் சத்தம் காற்றில் வந்து வந்து போயிற்று. இந்த ஊரில் கிரகணத்துக்குக் கோயில் நடை சாத்துவதில்லை. தீர்த்தவாரி நடக்கும்.

இராமலிங்கம் பலாமரத்தின் முன்னால் நின்றார். கையில் கோடாலி.

ஜோதியம்மாள் துளசிக்குத் தண்ணீர் ஊற்ற வந்தவள், அவரைப் பார்த்ததும் செம்பைக் கீழே வைத்தாள். நடந்து வந்து தன் வழக்கமான இடத்தில், மரத்துக்கு வலப்பக்கம் நின்றாள். அந்த இடத்தை அவள் மறக்கவில்லை.

ஆனால் அவள் வேறொன்றையும் பார்த்துவிட்டாள். மிரட்டுவதற்கு அவர் கோடாலியைத் திருப்பிப் பிடிப்பார். மொட்டை மண்டைதான் மரத்தைப் பார்க்கும். இன்றைக்கு வாய் மரத்தைப் பார்த்திருந்தது.

“இதுக்கு எதுக்குத் தண்ணி ஊத்தணும்?” என்றார் இராமலிங்கம். அந்தக் காலத்தில் வருஷா வருஷம் சொன்ன அதே வார்த்தைதான். குரல் மட்டும் அது அல்ல. “மூணு வருஷமா சும்மா நிக்குது. யாருக்கு என்னா பிரயோஜனம்? வெட்டிப் போட்டா வெறவுக்காவது ஆவும்.”

கோடாலியை ஓங்கினார்.

இப்போது அவள் பேச வேண்டும்.

ஜோதியம்மாளின் உதடு பிரிந்தது. சத்தம் வரவில்லை. மாசியில் அவள் எங்கே இருப்பாள் என்பது அவளுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். பொய் ஜாமீன் நிற்க அவளுக்கு வாய் வரவில்லை. தான் ஊன்றிய மரம். அதை ஏமாற்ற முடியாது. அவள் கை முந்தானையைச் சுருட்டிப் பிடித்திருந்தது. கண்ணில் தண்ணீர் நின்றது.

ஓங்கிய கை அப்படியே நின்றது. இறக்கினால் தோல்வி. வெட்டினால் பாவம். வீட்டில் மாசமாக ஒருத்தி இருக்கும்போது காய்க்கிற மரத்தில் இரும்பு படக்கூடாது.

“மாமா.”

குரல் வீட்டிலிருந்து வந்தது. சாத்திய மேற்கு ஜன்னலுக்குப் பின்னாலிருந்து.

“மாமா, வெட்டாதீங்க. மாசியில காய்க்கும். நான் ஜாமீன்.”

ஜோதியம்மாள் ஜன்னல் பக்கம் திரும்பினாள்.

“வெளையாட்டுக்குச் சொல்லல, மாமா. மாசியில நான் இங்க இருப்பேன். அத்தையும் இருப்பாங்க.”

வாசலிலிருந்து பாலாஜி எழுந்து வந்தான். “என்னா பேசுற நீ? சும்மா படு.”

“மொதப் பிரசவம்தான் தாய் வீட்ல. ரெண்டாவது எங்கன்னு யாரும் சட்டம் போடல.”

பிறகு ஜோதியம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஜன்னலைப் பார்த்துச் சொன்னாள்:

“கிரகணத்துல வாயத் தொறக்கக் கூடாதுன்னு சொன்னனா இல்லியா?”

இராமலிங்கம் கோடாலியை இறக்கி மரத்தில் சாத்திவைத்தார். அப்போதுதான் குழந்தை கத்தியது. அப்பன் காலைக் கட்டிக்கொண்டு நின்ற கவியா, புதிதாக வெள்ளையடித்த மேற்குச் சுவரைக் காட்டியது. “நெலா, நெலா!”

இலைகளின் சந்து வழியாக வந்த வெயில் சுவரில் விழுந்திருந்தது. மற்ற நாளில் வட்டம் வட்டமாக விழுகிற வெயில். இன்றைக்கு ஒவ்வொரு பொட்டும் ஒரு பிறையாக இருந்தது. சுவர் முழுக்க, நூற்றுக்கணக்கில், காற்றில் இலை அசைய அசையப் பிறைகளும் அசைந்தன. சூரியன் குறைந்தால் அதன் ஒளிப்பொட்டும் அப்படித்தான் விழும் என்பது பள்ளிக்கூடப் பாடம். ஆனால் யாரும் அதை அங்கே சொல்லவில்லை. குழந்தை கையை நீட்ட, கையிலும் ஒரு பிறை விழுந்தது.

அவர் ஜோதியம்மாளைத் திரும்பிப் பார்த்தார். அவள் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போய் நிற்கலாம் என்று நினைத்தார். அதற்குள் மேகம் வந்து மூடிவிட்டது.

கிரகணம் விட்டதும் எல்லோரும் கிணற்றடியில் தலைக்கு ஊற்றிக்கொண்டார்கள். முதலில் இராமலிங்கம். பிறகு பாலாஜி, குழந்தை. அறிவுமதிக்கு ஜோதியம்மாளே இறைத்து ஊற்றினாள். கடைசியாக அவள். உலை வைத்துப் புதுச் சோறு ஆக்கி, ரசத்தோடு அவசரமாகச் சாப்பிட்டார்கள். அறிவுமதி சொன்னதைப் பற்றி அதற்குப் பிறகு ஒருவரும் பேசவில்லை. பாலாஜி முகம் இறுகியிருந்தது.

ஆட்டோ வந்தது. ஜோதியம்மாள் பீரோவிலிருந்து எடுத்த அரக்கு நிறப் புடவையில் நின்றாள். அவர் நன்றாக அறிந்த புடவை. மின்வாரியக் குடும்ப விழாவுக்கு அவளுக்கு அவர் வாங்கியது. அதில் அவளைப் பார்த்தபோது அவள் எங்கும் போகவே இல்லை போலத் தோன்றியது.

“ரெண்டு பொடவையும் கொடியில கெடக்குது” என்றாள். “ஈரத்த மூட்ட கட்டினா நாறும். காஞ்சா மடிச்சு வைங்க.”

“பார்சல் போடட்டுமா?”

“அதுக்கு இப்போ என்னா அவசரம்.”

அறிவுமதி ஏறப் போனவள் திரும்பி வந்து, மெதுவாகச் சொன்னாள், ஜன்னல் கதவில் ஒரு ஓட்டை இருக்கிறது என்று. போர்வை கொஞ்சம் விலகி, எதிர்ச் சுவரில் ஒரு பிறை விழுந்ததாம். படுத்தபடியே மேகம் மூடும் வரைக்கும் பார்த்தாளாம். “அத்தைக்குச் சொல்லிடாதீங்க, மாமா.”

பாலாஜி அவரைக் கொஞ்சம் தள்ளி அழைத்துப் போனான். “அவ பேசுனத மனசுல வெச்சுக்காதீங்க, ப்பா. மெட்ராஸ்ல ஆஸ்பத்திரியில எல்லாம் சொல்லி வெச்சாச்சு. அவளுக்கு ஆபீஸ் இருக்குது. இங்க வந்து என்னா பண்ணுவா?”

“நான் ஒண்ணும் கேக்கலியேப்பா” என்றார் இராமலிங்கம்.

உண்மை. அவர் ஒன்றும் கேட்கவில்லை. தயார் செய்த வாக்கியம் அப்படியே இருந்தது. ஆட்டோவின் பின்விளக்கு ரோட்டுத் திருப்பத்தில் மறையும் வரை நின்றுவிட்டு, கேட்டைச் சாத்தினார். உள்ளறையில் பாய் விரித்தபடி கிடந்தது. அதைச் சுருட்டாமல் விளக்கை அணைத்தார்.

மறுநாள் காலையில் நாவல் மரத்தடியில் மறுபடியும் பழம் கொட்டிக் கிடந்தது. அவர் அதை மிதிக்காமல் சுற்றிக்கொண்டு, கோடாலியை எடுத்துவரப் பலாமரத்துக்குப் போனார்.

கோடாலி வைத்த இடத்தில் இருந்தது. அதற்கு ஒரு முழம் மேலே, அடிமரத்திலிருந்து கிளம்பியிருந்த சின்னக் கொம்பில், ஏதோ சுற்றியிருந்தது. குனிந்து பார்த்தார்.

இழை. குஞ்சத்து இழை. மூன்று சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டிருந்தது. பச்சை நிறம்.

கொடிக்கு நடந்தார். இரண்டு புடவைகளும் காற்றில் ஒன்றோடொன்று சுற்றிக்கொண்டிருந்தன. ஒன்று பச்சை, ஒன்று ஊதா. பச்சையின் முந்தானையைப் பிரித்துக் குஞ்சங்களை ஒவ்வொன்றாகத் தடவினார். ஓரத்தில் ஒன்று மெலிந்திருந்தது. இழை உருவிய இடம்.

பச்சை யாருடையது?

அவர் முந்தானையைப் பிடித்தபடி நின்றார். அறிவுமதியுடையது என்றால், சொன்ன வார்த்தைக்கு அவள் ஜாமீன் கட்டியிருக்கிறாள். குளிக்கப் போகும்போது அந்த மரத்தைத் தாண்டித்தானே போனாள். ஜோதியுடையது என்றால், வாயால் சொல்ல முடியாததை அவள் கையால் சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள்.

பீரோவில் இருக்கிற அவள் புடவைகள் அத்தனையும் அவருக்குத் தெரியும். எது எந்தத் தீபாவளி என்றுகூடச் சொல்வார். இவை இரண்டும் சென்னையில் வாங்கியவை. நேற்று முழுக்க அவள் எதிரிலேயே நடமாடினாள். மரத்துக்கு வலப்பக்கம், கை எட்டும் தூரத்தில் நின்றாள். முந்தானையைச் சுருட்டிப் பிடித்த கை ஞாபகம் இருக்கிறது. கண்ணில் நின்ற தண்ணீர் ஞாபகம் இருக்கிறது. நிறம் ஞாபகம் இல்லை. எவ்வளவு யோசித்தாலும் அந்த இடத்தில் அவருக்குப் பைகள்தான் தெரிந்தன.

கேட்கலாம். ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் காத்திருக்க வேண்டியதில்லை. ஆனால் எப்படிக் கேட்பது? முப்பது வருஷம் கூட வாழ்ந்தவளிடம், நேற்று நீ என்ன நிறம் கட்டியிருந்தாய் என்று ஒருவன் கேட்டால் அவள் என்ன நினைப்பாள்? “ம்” என்பாளா? சிரிப்பாளா?

புடவைகளை எடுத்து மடித்தார். மடிப்பு ஒழுங்காக வரவில்லை. பலாமரத்துக்கு ஒரு குடம் தண்ணீர் ஊற்றினார். துளசிக்கும் ஊற்றினார்.

பூத் திறக்க இன்னும் நேரம் இருந்தது. செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.